மங்களம் வரை வாசிக்க வேண்டும்

மழை பிடித்துக்கொண்டால் இப்போதெல்லாம் என் மகளின் போனில் செய்தி வந்துகொண்டே இருக்கும். போன வாரமும் வந்தது. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த எனக்கு அவள் மூச்சு விடாமல் வாசித்துக் காட்டினாள். நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக மலைச் சரிவுகளை அண்மித்து வாழும் மக்கள் முன்னெச்சரிக்கையுடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளனர் என்று அது முடிந்தது.

"என்னாடி சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. ஏதோ கேட்டுக்கிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மாவுக் கையோடு சாமிப் படத்தைப் பார்த்தபடி நின்றேன். அவள் வயதில், ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, நானும் இப்படித்தான் வாசித்தேன். அதனால் நடந்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுதிப் பழக்கமில்லை. மாரியம்மனை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மேல் பிரிவில் பன்னிரண்டு காம்பரா வரிசையாக உள்ள ஒரு லயம். காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்கு முன்னால் உட்கார ஓர் இஸ்தோப்பு, அவ்வளவுதான். முதல் காம்பராவில் பெரியப்பா இருந்தார். மூன்றாவது எங்களுடையது. பன்னிரண்டாவதான கடைசிக் காம்பராவில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. சித்தப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சின்னம்மாவுக்கு அப்போது எட்டு மாதம்.

பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனாலும் லயத்தில் அவருக்கிருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை. கோவிலில் புராணம் வாசிக்கும்போது பொருள் சொல்கிறவர் அவர்தான். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி வாசிப்பார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் பொருள் சொல்லுவார். வாசித்த வரி ஒரு சாண் இருந்தால் பொருள் ஒரு முழம் இருக்கும். ராஜாவும் ராணியும் கோபித்துக்கொள்ளும் இடம் வந்தால், அந்தக் கிழமை எந்தக் காம்பராவில் சண்டையோ அது அப்படியே அரண்மனைக்குள் வந்துவிடும். சண்டை போட்டவர்களே சிரித்துவிடுவார்கள்.

வாசிக்கிற பெரியவர், தன் மகன் வீட்டோடு இருக்க வவுனியாப் பக்கம் போனதும் புராணம் நின்றுவிட்டது. பொருள் சொல்ல ஆள் இருந்தது, வாசிக்க ஆள் இல்லை. எனக்கு வாசிக்க வரும், ஆனால் புராணப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளை, அதுவும் பொம்பளைப் பிள்ளை தொடக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். பேப்பரைத் தொடுவதற்கு அப்படித் தடை எதுவும் இல்லை. சம்பளப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க மஸ்கெலியாவுக்குப் போகும் அப்பா பேப்பரும் வாங்கி வருவார். அதை வைத்துப் பெரியப்பா தன் இஸ்தோப்பில் ஞாயிறு வாசிப்பை ஆரம்பித்தார். நான் வாசிக்க வேண்டும், அவர் பொருள் சொல்லுவார்.

முறை எல்லாம் புராணத்து முறைதான். மலைத் தண்ணீர் விழும் பீலியில் கை கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, பேப்பரைப் பலகையில் வைத்துக் குங்குமம் வைத்த பிறகே விரிக்க வேண்டும். எழுத்து எதுவானாலும் அது சரஸ்வதி. முதல் பக்கத்தில் யார் படம் இருக்கிறதோ அவர் நெற்றியில் குங்குமம் விழும். ஒரு தடவை போலீஸ் வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ஒருவருக்கு விழுந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. புராணத்தை ஒரு சாவிலோ சாபத்திலோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது கேட்டவர்களின் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு கல்யாணமோ, பிள்ளைப் பேறோ, பட்டாபிஷேகமோ வரும் வரை வாசித்து அந்த மங்களத்தில்தான் நிறுத்த வேண்டும். பேப்பருக்கும் பெரியப்பா இதையே வைத்தார். ஆனால் பேப்பரில் மங்களம் கிடைப்பது லேசில்லை. விபத்து, கைது, விலை ஏற்றம் என்று தாண்டித் தாண்டிக் கடைசிப் பக்கம் வரை போய், மணமகன் தேவை என்ற இடத்தில் நிறுத்திய ஞாயிறுகளும் உண்டு. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை அமையட்டும் என்று லயமே கும்பிடும்.

எனக்கு வேகமாக வாசிக்க வரும். என்ன வாசிக்கிறேன் என்றுதான் தெரியாது. ஒவ்வொரு செய்தியும் எங்கள் லயத்து நீளத்துக்கு ஒரே வாக்கியமாக இருக்கும். முதல் காம்பராவில் ஒருவர் பெயர் வரும். கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் யார், என்ன செய்தார் என்பதெல்லாம் மறந்துபோகும். கடைசியில் எப்படியும் 'தெரிவிக்கப்படுகிறது' என்று வரும். அது வந்துவிட்டால் நான் மூச்சு விடலாம், மற்றவர்கள் தலையை ஆட்டலாம். யார் தெரிவிக்கிறார்கள், யாருக்குத் தெரிவிக்கிறார்கள் என்று ஒரு நாள் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"மேல உள்ளவங்க கீழ உள்ளவங்களுக்கு" என்றார்.

பக்கத்துக் காம்பரா அத்தைக்கு எல்லாவற்றிலும் ஒரு நையாண்டி உண்டு. "வெளங்குற மாதிரி எழுதுனா அது பேப்பராடி? அது பீலிக்கரப் பேச்சுல்ல" என்பார். புரியாமல் இருப்பதுதான் பேப்பரின் கௌரவம் என்று எல்லோரும் நினைத்தோம். கேட்கிறவர்களின் முகத்தில் ஒரு பக்தி இருக்கும். எனக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது. அம்மன் மன்னிக்க வேண்டும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த மண் மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் கை நுழைகிற அளவு இருந்தது. பிறகு என் கால் நுழைந்தது. அது சின்னம்மாவின் கடைசிக் காம்பராவுக்கு நேர் மேலே ஆரம்பித்து எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஜீப்பில் நாலு பேர் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பேப்பரில் அது வந்திருந்தது. எங்கள் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் நான் கத்திவிட்டேன். மழைக்குள்ளும் எல்லோரும் பெரியப்பாவின் இஸ்தோப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்னம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன்:

"தொடர் மழை காரணமாக மேற்படி தோட்டத்தின் மேற்பிரிவு லயன் குடியிருப்பின் பின்புறமாகவுள்ள மண்மேட்டில் பாரிய வெடிப்பு ஏற்பட்டுள்ளதையடுத்து, அங்கு வசித்துவரும் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்ந்தோரைப் பாதுகாப்பான இடமொன்றிற்கு அப்புறப்படுத்துவது தொடர்பில் உரிய தரப்பினரின் கவனம் செலுத்தப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெரியப்பா கண்ணை மூடினார். வெடிப்பு என்பது அவருக்கு விளங்கியிருக்கும். "நம்ம மேட்ட மேல உள்ளவங்க பாத்துட்டாங்க. பன்னெண்டு குடும்பத்தையும் கணக்குல எடுத்துட்டாங்க" என்றார்.

"அப்புறப்படுத்துறதுன்னு வாசிச்சிச்சே புள்ள, நம்மள வெரட்டப் போறாங்களா?" என்று அத்தை கேட்டார்.

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. பெரியப்பா கையை உயர்த்தினார். "கதை முடியறதுக்குள்ள ஏன் கத்துறீங்க? மேல வாசி புள்ள. மங்களத்துல நிறுத்து."

நான் கீழே பார்த்தேன். அந்தச் செய்திக்கு நேர் கீழே பாதிப் பக்கத்துக்கு ஒரு படம். இரண்டு மாடி வீடு, வாசலில் சிரிக்கிற ஒரு தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக இருந்தது. வாசித்தேன்.

"இனி நீங்களும் சொந்த வீட்டுக்காரர்! இரண்டு மாடி. மூன்று அறை. குழாய்த் தண்ணீர். வீட்டுக்குள்ளேயே குளியலறை. குடும்பத்தோடு வாருங்கள். சாவியோடு செல்லுங்கள்!"

 நான் வாசித்த எந்த வரியும் அதற்கு முன் இப்படி எல்லோருக்கும் ஒரேயடியாக விளங்கியது கிடையாது. பெரியப்பா கண்ணைத் திறந்தார். "இதுக்குப் பொருள் சொல்லத் தேவையில்ல" என்றார்.

எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. மேலே இருந்தது எங்களை 'அங்கு வசித்துவரும்' என்று யாரோ தூரத்து ஆட்களைப் போல் சொன்னது. கீழே இருந்ததுதான் 'நீங்களும்' என்று எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியது. மேலே கஷ்டம், கீழே மங்களம். எந்தப் புராணமும் அப்படித்தானே.

அன்று முழுக்க லயம் கோவில் திருவிழா மாதிரி இருந்தது. மாடியில் சாமி அறை வைப்பதா கீழே வைப்பதா என்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டார்கள். "எனக்கு மேல் மாடி வேணாம்டி. மொழங்கால் வலியோட எவ ஏறுவா? மாடிய வாடகைக்கு விட்டுருவேன்" என்றார் அத்தை. சின்னம்மா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "என் புள்ள பீலித் தண்ணியில குளிக்காது" என்றார். 

செவ்வாய்க்கிழமை, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவோடு, ஜீயெஸ் என்று நாங்கள் சொல்லும் கிராம சேவகர் வந்தார். அவர் சிங்களவர், எங்கள் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவார். "இந்த எடம் ஹொந்தம் இல்லே, நல்லா இல்லே. மழே நிக்கிற வரைக்கும் எல்லாரும் இஸ்கோலுக்கு போங்க. இன்னைக்கே போங்க" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஒருவரும் அசையவில்லை. அத்தைதான் முன்னால் வந்தார்.

"இஸ்கூலுக்கு எதுக்குங்க ஐயா? சாவியக் குடுங்க, நேரா வீட்டுக்கே போயிர்றோம்."

"என்ன சாவி?"

"பேப்பர்லயே போட்டுட்டாங்க. ஐயாவுக்கு இன்னும் சொல்லலயா?"

கிராம சேவகர் கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா கூரையைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் இன்னொரு பேச்சு கிளம்பிவிட்டது. பெயர் எடுக்க வரும்போது ஆள் இல்லாத காம்பராவுக்கு வீடு கிடையாதாம். யார் சொன்னது என்று தெரியாது. எங்கள் தோட்டத்தில் ஆள் இல்லாத காம்பரா வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது எல்லோரும் கண்ட விஷயம்தான். அதனால் உடனே நம்பினார்கள்.

அன்று மாலை அம்மா சின்னம்மாவிடம் கெஞ்சினார். "நீயாச்சும் எங்க காம்பராவுக்கு வந்து படுடி. வாயும் வயிறுமா இருக்க."

"நான் வந்துட்டா என் நம்பர் போயிரும்க்கா. அவரும் ஊர்ல இல்ல. யாரு எனக்காகப் பேசுவா?"

"மேடு வெடிச்சுக் கெடக்குடி."

"பேப்பர்ல போட்டவங்களுக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதான வீடு குடுக்கிறாங்க" என்றார் சின்னம்மா. பின்சுவரில் ஈரம் இறங்கி, திருநீறு பூசினது மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தச் சுவரோரத்தில்தான் அவருடைய பாய் கிடந்தது.

புதன்கிழமை நான் பேப்பரைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். பெருமைக்குத்தான். எங்கள் வகுப்பு வாத்தியாரை நாங்கள் சேர் என்போம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் சத்தமில்லாமல் சொல்லுவார். அவரிடம் காட்டி, "சேர், எங்களுக்கு மாடி வீடு குடுக்கிறாங்க" என்றேன்.

வாசித்தார். சிரிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, மறுபடி மேலேயிருந்து வாசித்தார்.

"பிள்ளை, இது ரெண்டும் ஒண்டில்லை. கீழ இருக்கிறது விளம்பரம். கொழும்பில காசு இருக்கிற ஆக்களுக்கு வீடு விக்கினம்."

"நீங்களும்னு போட்டிருக்கே சேர்?"

"விக்கிறவை எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவினம்."

"அப்ப மேல உள்ளது?"

"அதுதான் உங்கட லயத்தைப் பற்றினது. மண் சரியப் போகுது, ஆக்களை எழுப்போணும் எண்டு கிடக்கு."

"எங்களுக்குச் சொல்ற மாதிரி இல்லையே சேர். எங்களப் பத்தி வேற யாருக்கோ சொல்ற மாதிரி இருக்கு."

 சேர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு துண்டில் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். 'உங்கள் லயத்துக்கு மேலே உள்ள மண் சரியப் போகிறது. உடனே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்.' அவ்வளவுதான். "பெரிய ஆக்களிட்டக் குடு. நான் பிரின்சிப்பலோட கதைச்சு மண்டபத்தைத் திறந்து வைக்கிறன்" என்றார்.

 எங்களுக்கு விளங்கியது எங்களுக்கானது இல்லையாம். எங்களைப் பற்றியது எங்களுக்கு விளங்காதாம். மழையில் நனைந்துகொண்டே ஓடினேன்.

பெரியப்பா கோவிலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். சேர் சொன்னதைச் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "யாழ்ப்பாணத்துச் சேருக்கு நம்ம தோட்டத்துப் பேப்பர் வெளங்குமா?" என்றார். துண்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு விளக்கைத் துடைக்கவில்லை.

"அந்த வீடு?"

"இல்லையாம் பெரியப்பா."

"ஒண்ணுமேவா?"

"நம்மள கூப்பிடவே இல்லையாம்."

மாரியம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எழுந்தார்.

"இன்னைக்கு வாசிப்பு வைக்கணும்."

"இன்னைக்குப் புதன்கிழமை. புதுப் பேப்பர் இல்லையே."

"பழசே போதும். மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு சொல்லப் போறேன். அத நீ வாசிக்கணும்."

"நடுவுல வரி இல்லையே."

"வாசிக்கணும். மொதல்ல இஸ்கூலுக்குப் போனாத்தான் மத்ததுன்னு இருக்கணும்."

"சேர் எழுதுன துண்டையே வாசிச்சுரவா?"

"பென்சில்ல எழுதுனத எவன் நம்புவான்? ஜீயெஸ் வாயால சொன்னதையே கேக்கல." விளக்கைச் சாமி முன்னால் வைத்தார். "போன வாட்டி சொன்ன பொருள் தப்புன்னு சொன்னா, இந்த வாட்டி சொல்ற பொருளையும் கேக்க மாட்டாங்க புள்ள." வெளியே வந்து செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "வெளங்காத மாதிரி வாசி. பொருள நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. அதைவிடப் பயமாக இருந்தது. எழுத்தில் இல்லாததை இருப்பதாக வாசிப்பது சரஸ்வதிக்குச் செய்யும் துரோகம் இல்லையா? கண் போய்விடும் என்று நினைத்தேன். கோவில் படியில் நின்று, "தாயே, பெரியப்பாதான் சொன்னாங்க" என்று அம்மனிடம் சொல்லி வைத்தேன். ஆளைக் காட்டிக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்தவர்களை அப்படியே இஸ்தோப்பில் உட்கார வைத்தார். குங்குமம் வைத்தார். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் செய்தியை வாசித்தேன். பிறகு, அத்தனை ஞாயிறுகளில் வாசித்த அத்தனை செய்திகளையும் மனதில் கூப்பிட்டு, இரண்டுக்கும் நடுவில் இருந்த வெறும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வாசித்தேன்:

"மேற்படி குடியிருப்பாளர்கள் முதற்கண் பாடசாலைக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டதன் பின்னரே ஏனைய விடயங்கள் தொடர்பில் நடவடிக்கை மேற்கொள்ளப்படவுள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பெரியப்பா கண்ணை மூடினார். "கேட்டீங்களா? போன கிழமை இந்த வரி விட்டுப்போச்சு. எந்தப் புராணத்துலயாச்சும் ராஜா நேரா அரண்மனைக்குப் போயிருக்கானா? மொதல்ல காடு. அப்புறந்தான் பட்டாபிஷேகம். நமக்குக் காடு இஸ்கூலு. அங்க யாரு இருக்காங்களோ அவுங்க பேருதான் எடுபடும். இங்க குந்திக்கிட்டு இருக்கிறவன் பேரு விட்டுப்போயிரும்."

"நெசமா அப்படிப் போட்டிருக்காடி?" என்று சின்னம்மா என்னைக் கேட்டார்.

நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன். பேப்பரும் சேர்ந்து ஆடியது.

சின்னம்மா கையை ஊன்றி எழுந்தார். "அப்ப நான்தான் மொதல்ல போவேன். மாசமா இருக்கிறவளுக்கு மொதல் நம்பர் குடுக்கட்டும்" என்றார். கிராம சேவகர் சொல்லி நடக்காதது, வெடிப்பே வாயைத் திறந்து காட்டியும் நடக்காதது, ஒருவருக்கும் விளங்காத அந்த ஒரு வரியில் நடந்தது. இருட்டுவதற்குள் முதல் நாலு குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டன. மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். சேர் கதவோரமாக நின்று என்னைப் பார்த்தார். துண்டைக் காட்டியதும் வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடு இறங்கியது. லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. கடைசி ஐந்து காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. சின்னம்மா பூட்டிய பூட்டின் சாவி அவர் முந்தானையில் முடிந்திருந்தது. பூட்டுத்தான் இல்லை.

எல்லோரும் மாரியம்மன் காப்பாற்றியதாகச் சொல்லிக் கும்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொய் வாசித்தவள் நான். தண்டனை வர வேண்டிய இடத்தில் இப்படி ஒன்று வந்திருக்கிறது. ஒரு மாதம் வரை காலையில் எழுந்ததும் கண் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

மாடி வீடு வரவில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தகரக் கொட்டகைக்குப் போனோம். கொட்டகையில் நாலு வருஷம் போனது. "என்னா பெரியவரே, பட்டாபிஷேகம் எப்ப?" என்று அத்தை கேட்காத நாள் இல்லை. சின்னம்மா கைக்குழந்தையோடு தகரத்துக்குக் கீழே வெந்தார். "நம்பர் நம்பர்னு ஏமாத்தி எறக்கிட்டாரு மனுசன். நாமளா வந்திருந்தா நாலு சட்டி பானையாச்சும் பாத்து எடுத்திருப்போம்" என்பார். ஒரு வருஷத்துக்கு மேல் பெரியப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியப்பா எதற்கும் பதில் சொன்னது கிடையாது. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த வரி யாருடையது என்று கேட்பார்களே என்ற பயம். தன் பெயர் கெடாமல் இருக்க அப்படிச் செய்தாரா, எங்கள் உயிருக்காகச் செய்தாரா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரியப்பா இப்போது இல்லை. இரண்டுமாக இருக்கலாம். அம்மனுக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. அந்தப் புதன்கிழமை பெரியப்பா பொருள் சொல்லி முடித்ததும், வழக்கம்போல் நான் கீழே இருந்த மாடி வீட்டை வாசிக்கப் போனேன். அவர் பேப்பரை என் கையிலிருந்து வாங்கி மடித்துவிட்டார்.

"மங்களம் பெரியப்பா?" என்றேன்.

"அது இன்னும் அச்சுல வரல" என்றார்.

அடுத்த பேப்பரில் வரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மேடு இறங்கியதற்கு மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் வாசிப்பு வைத்தோம். கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். பின்சுவரோரம் சின்னம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், நேரம் நெருங்கிவிட்டது. உள்பக்கத்து மூலையில் நாலே வரியில் எங்கள் லயம் இருந்தது. மண்மேடு சரிந்து வீழ்ந்ததில் ஐந்து வீடுகள் முற்றாகச் சேதமடைந்துள்ளதாகவும், எனினும் உயிர்ச் சேதங்கள் எவையும் பதிவாகவில்லை எனவும் தெரிவிக்கப்படுகிறது.

வழக்கம்போல் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பொருளுக்காகப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை. பாயில் கிடந்த சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோட நிறுத்து புள்ள" என்றார்.

பெரியப்பாவுக்குச் சட்டம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். "மங்களம் இன்னும் வரலையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, கல்யாணம் எங்காவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.